அபோஃபிஸ்: 37இல் 1 என்ற வாய்ப்பு எப்படி இல்லாமற்போனது?

கேள்வி: கீழ்வானம்

99942 என்ற எண்ணைப் பெற்றுள்ள அபோஃபிஸ் சிறுகோளைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கத் தெளிவு பிறப்பதற்குப் பதிலாகக் குழப்பமே கூடுவதால் இங்கே கேட்கிறேன். இந்தச் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு 2.7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 37இல் 1 என்று 2004 டிசம்பர் 27 அன்று கணித்திருக்கிறார்கள். உடனேயே அந்த மோதல் நடக்காது என்றும் ஆகிவிட்டது. பிறகு 2036இல் மோதக்கூடும் என்றார்கள். 2013இல் அதுவும் விலகியது. அடுத்து 2068 என்றார்கள். 2021 மார்ச்சில் அதையும் நீக்கிவிட்டு, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லை என்று அறிவித்தார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. கிரகணம் எந்த நாளில், எந்த நிமிடத்தில் தொடங்கும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்னரே சொல்ல முடிகிற வானியலால், ஒரு சிறிய பாறையின் பாதையை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல முடியவில்லை? இது முதலாவது. 2029இல் அபோஃபிஸ் பூமிக்கு மிக அருகில் வரும்போது அதன் சுற்றுப்பாதையே மாறிவிடும் என்றும் படித்தேன். அப்படியானால் மாறப்போகும் ஒரு பாதையை வைத்துக்கொண்டு, அதற்கப்பால் நூறு ஆண்டுகளுக்கு எந்தத் துணிச்சலில் உறுதி கூறுகிறார்கள்? இது இரண்டாவது. மூன்று முறை மாற்றிச் சொன்னவர்கள் நான்காவது முறையும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள் என்று எதை வைத்து நம்புவது? குறை கூறுவதற்காகக் கேட்கவில்லை. கணக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறேன். பள்ளிக் கணிதம் எனக்குப் போதுமான அளவு நினைவில் இருக்கிறது.

மறுமொழி 1: நீள்வட்டம்

உங்கள் முதல் ஐயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

2.7 சதவீதம் என்ற எண் அந்தப் பாறையின் பண்பு அன்று. அந்தப் பாறையைப் பற்றி அன்றைக்கு நாம் அறிந்திருந்ததன் அளவு. அபோஃபிஸ் அப்போதும் ஒரே பாதையில்தான் சென்றுகொண்டிருந்தது, மோதுவதும் மோதாததும் ஏறத்தாழத் தீர்மானமாகிவிட்ட ஒன்றாகவே இருந்தது. அந்த ஒரே பாதை எது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், பார்த்த நாள்கள் மிகச் சில. 2004 ஜூன் 19 அன்று கிட் பீக் வான்காணகத்தில் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி ஆகியோர் அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே இரவுகள் பார்க்க முடிந்தது. அதன் பிறகு அது கைநழுவிப் போய், டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வான்காணகத்திலிருந்து மீண்டும் பிடிபட்டது. கண்டுபிடித்த பொருளைத் தொலைப்பது வானியலில் புதிதன்று. 1801 ஜனவரி முதல் நாள் வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ் என்ற சிறுகோள், பிப்ரவரி 11க்குப் பிறகு சூரிய ஒளியில் மறைந்தபோது, அந்த 41 நாள் அளவீடுகளை வைத்துக்கொண்டு 24 வயது கணித அறிஞர் காவுஸ் ஒரு பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் சொன்ன இடத்திற்கு அருகிலேயே சீரிஸ் அகப்பட்டது. அடிப்படையில் இன்றும் அதே வேலைதான் நடக்கிறது. சூரியனைச் சுற்றும் ஒரு பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். அந்த ஆறு எண்களையும் வானத்தில் ஒரு புள்ளி எங்கே தெரிந்தது என்ற அளவீடுகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அளவீட்டில் உள்ள சிறு பிழை, ஆறு எண்களிலும் சிறு பிழையாக ஏறுகிறது.

இந்த ஆறில் மிக அதிகமாகத் தொல்லை தருவது சுற்றுக்காலத்தின் பிழை. மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். இது மட்டும் வட்டியைப் போலச் சேர்ந்துகொண்டே போகும். நீங்கள் கணிதம் நினைவிருப்பதாகச் சொன்னதால் ஒரு கணக்கு. அபோஃபிஸ் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 324 நாள் ஆகிறது. 2004 டிசம்பரிலிருந்து 2029 ஏப்ரல் வரை அது ஏறத்தாழ 27 சுற்றுகள் சுற்றும். பூமி தன் பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்வதால், தன் விட்டமாகிய 12,742 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 7 நிமிடத்திற்குச் சற்று அதிகமாகிறது. அந்த 7 நிமிடத்தை 27 சுற்றுகளுக்குப் பங்கிட்டால் சுற்றுக்கு 16 நொடி. 324 நாள் நீளும் ஒரு சுற்றின் காலத்தில் 16 நொடி தவறினாலே, 2029இல் பூமியின் முழு அகலம் அளவுக்கு விடை தவறிவிடும். இரண்டு இரவுகளும் டிசம்பரின் சில நாள்களும் சேர்ந்த அளவீடுகளிலிருந்து அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கவே முடியாது. கிரகணக் கணக்கு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், சந்திரனையும் பூமியையும் மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அளந்துவந்திருப்பதுதான்.

ஆகவே கணிப்பவர்கள் ஒரே பாதையைக் கணிப்பதில்லை. அளவீடுகளோடு முரண்படாத ஆயிரக்கணக்கான பாதைகளைக் கணித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனைச் சிறுகோளை ஓடவிடுகிறார்கள். 2029 ஏப்ரல் 13க்கு அவை வந்து சேரும்போது, பிழை பெரும்பாலும் பாதையின் நீளவாக்கில் இருப்பதால், அவை நூலில் கோத்த மணிகளைப் போல ஒரு நீண்ட வரிசையாக நிற்கும். அந்த நூல் பூமியைத் தொட்டுச் சென்றால், எத்தனை மணிகளுக்கு ஒரு மணி பூமியின் மேல் விழுகிறது என்பதே நிகழ்தகவு. 37 மணிகளில் ஒன்று விழுந்தது, அவ்வளவே.

மேலும் அளந்தபோது அந்த எண் குறையாமல் ஏறிய காரணமும் இதிலேயே இருக்கிறது. நூலின் நீளம் பூமியைப்போல் 100 மடங்கு இருந்தால் வாய்ப்பு 100இல் 1. புதிய அளவீடுகள் வந்து நூல் 50 மடங்காகச் சுருங்கியும் பூமி அதற்குள்ளேயே இருந்தால் 50இல் 1. பூமி நூலின் முனைக்கு வெளியே விழும் வரை எண் ஏறிக்கொண்டே போகும். வெளியே விழுந்ததும் ஒரேயடியாக மறையும். அன்றைக்கு அதுவே நடந்தது. 2004 மார்ச்சில், சிறுகோள்களைத் தேடும் ஸ்பேஸ்வாட்ச் திட்டத்தார் எடுத்து வைத்திருந்த பழைய படங்களில் அபோஃபிஸ் மங்கலாகப் பதிவாகியிருந்ததை யாரோ தேடிக் கண்டுபிடிக்க, பார்த்த காலத்தின் நீளம் மூன்று மாதம் பின்னோக்கி நீண்டது, நூல் சுருங்கியது, பூமி வெளியே விழுந்தது. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளுக்கும் 2025 பிப்ரவரியில் எண் 3.1 சதவீதம் வரை ஏறி, அதன் பிறகு சரிந்தது இதே முறையில்தான். நாளிதழ்கள் முதல் பாதியைப் பெரிய எழுத்திலும் இரண்டாம் பாதியைச் சிறிய எழுத்திலும் வெளியிடுவதால், வானியலாளர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மறுமொழி 2: இரவுக்காவல்

நண்பர் நீள்வட்டம் "அளவீட்டில் உள்ள சிறு பிழை" என்று ஒரே தொடரில் கடந்துவிட்டார். அந்தச் சிறு பிழை எப்படி இருக்கும் என்பதைப் பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சிறுகோளை அளக்கும் பொழுதுபோக்கு வானியலர்கள் செய்வது இதுதான். ஒரே வான்பகுதியைச் சில நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை படமெடுப்போம். படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் விண்மீன்கள் நிற்கும், ஒரு புள்ளி மட்டும் தாவும். கையா விண்கலம் தந்துள்ள விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு, அந்தப் புள்ளி எந்த நொடியில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, இத்தகைய அளவீடுகளைத் திரட்டும் சிறுகோள் மையத்திற்கு அனுப்ப வேண்டும். இடத்தில் எல்லோரும் கவனமாக இருப்போம். நேரத்தில்தான் சறுக்குவோம். பூமிக்கு அருகில் வந்துகொண்டிருந்த ஒரு சிறுகோளை, அது நிமிடத்திற்கு 20 விகலை என்ற வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்த ஓரிரவில் அளந்தேன். ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. என் கணினியின் கடிகாரம் 2 நொடி பின்தங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. புள்ளியின் நடுவை எவ்வளவோ நுட்பமாகக் குறித்திருந்தும், அனுப்பிய எல்லா இடங்களும் ஏறத்தாழ 0.7 விகலை ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தன. ஒரே பக்கமாகத் தள்ளுகிற பிழைதான் மோசமானது. தாறுமாறான பிழை பல அளவீடுகளில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், இது செய்யாது. அதன் பிறகு ஜிபிஎஸ் நேரம் இல்லாமல் நான் படமெடுப்பதில்லை.

இந்த விகலையைக் கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள். 2021 மார்ச்சில் அபோஃபிஸ் பூமியிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அந்தத் தொலைவில் ஒரு விகலை என்பது 82 கிலோமீட்டர். ராடார் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் அலைவாங்கி அனுப்பிய ரேடியோ அலை, சிறுகோளில் பட்டுத் திரும்ப இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. மிகவும் நலிந்து திரும்பிய எதிரொலியை அதே நாட்டின் கிரீன் பேங்கில் உள்ள 100 மீட்டர் அலைவாங்கி பிடித்தது. அந்தப் பயண நேரத்தை அளந்ததில், அத்தனை தொலைவை 150 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. கேமரா பக்கவாட்டில் அளக்கிறது, ராடார் தொலைவை அளக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நூல் அறுந்ததுபோல் சுருங்கிவிடும். 2029க்கான நிலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருந்த ஐயம், அந்த மாதத்தில் சில கிலோமீட்டராகக் குறைந்தது. 2068 விடைபெற்றதும் அதனால்தான்.

ராடார் வசதி நமக்கு இல்லை என்றாலும், விண்மீன் மறைப்பு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவே மிகவும் பிடித்தமானது. சிறுகோள் ஒரு விண்மீனுக்கு நேர்முன்னே செல்லும்போது அதன் நிழல் தரையில் ஓடும். அபோஃபிஸின் சராசரி விட்டம் ஏறத்தாழ 340 மீட்டர் என்பதால் நிழலின் அகலமும் சில நூறு மீட்டரே. நிழல் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று முன்கூட்டித் தெரியாததால், அதன் பாதைக்குக் குறுக்கே வரிசையாகத் தொலைநோக்கிகளை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அந்த விண்மீன் அணைந்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். 2021 மார்ச் 7 அன்று அமெரிக்காவில் அப்படியொரு மறைப்பைப் பதிவுசெய்தார்கள். விண்மீனின் இடம் முன்பே மிகத் துல்லியமாகத் தெரிந்திருப்பதால், அந்த ஓர் இமைப்பு நேர இருள் சிறுகோளின் இடத்தையும் அதே துல்லியத்தில் சொல்லிவிடுகிறது.

மறுமொழி 3: ஏழுக்கு ஆறு

இரண்டாவது ஐயத்திற்கு வருகிறேன். இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்போதைய பாதை. சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்பார்கள். அபோஃபிஸ் சூரியனுக்கு அருகில் வரும்போது 0.75 வானியல் அலகிலும், விலகும்போது 1.10 வானியல் அலகிலும் இருக்கிறது. பூமி 1இல் இருப்பதால் இரண்டு பாதைகளும் குறுக்கிடுகின்றன. அதன் பாதைத் தளம் நம் தளத்திலிருந்து 3.3 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால், மேலேயோ கீழேயோ வெகுவாக விலகிப் போகவும் வழியில்லை. சராசரித் தொலைவு 0.92 அலகு, அதாவது பூமியைவிடக் குறைவு. இப்படிப் பூமியினும் சிறிய பாதையில் சுற்றிக்கொண்டு பூமியின் பாதையையும் எட்டும் சிறுகோள்களை ஏட்டன் வகை என்பார்கள். பூமி 8 சுற்று முடிக்கும்போது அது ஏறத்தாழ 9 சுற்று முடிக்கிறது. 2004, 2013, 2021, 2029 என்று ஏறத்தாழ எட்டாண்டுக்கு ஒருமுறை அது நம் பக்கம் வந்துபோவதன் காரணம் இதுவே.

2029 ஏப்ரல் 13, உலக நேரப்படி இரவு 9.46 மணிக்கு அது பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றைவிடத் தாழ்வாக வருகிறது என்றால் எவ்வளவு அருகில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளில் வானம் தெளிவாக இருந்தால் தொலைநோக்கி இல்லாமலே நகரும் விண்மீனாகத் தெரியும்.

இப்போது பாதை எப்படி மாறுகிறது என்பது. பூமியில் நின்று பார்ப்பவருக்கு அபோஃபிஸ் தொலைவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 5.9 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மிக நெருங்கும்போது ஈர்ப்பால் அது 7.4 ஆகிறது; விலகிச் செல்லும்போது மீண்டும் 5.9. வேகத்தில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. திசை மட்டும், நான் கையால் கணித்துப் பார்த்த அளவில், ஏறத்தாழ 27 பாகை திரும்பிவிடுகிறது. ஆனால் சூரியனில் நின்று பார்ப்பவருக்குக் கதை வேறு. அவருக்குத் தெரிவது பூமியின் 30 கிலோமீட்டரும் இந்த 5.9 கிலோமீட்டரும் சேர்ந்த கூட்டுவேகம், 5.9இன் திசை திரும்பினால் கூட்டுத்தொகை மாறும். அபோஃபிஸுக்கு அது கூடுகிறது. வாயேஜர் விண்கலங்களை வியாழன் வீசியெறிந்ததும் இதே முறையில்தான். விளைவாக அதன் பாதை அகன்று, சராசரித் தொலைவு ஏறத்தாழ 1.10 அலகாகவும் சுற்றுக்காலம் 324 நாளிலிருந்து ஏறத்தாழ 423 நாளாகவும் மாறும். ஏட்டன் வகையில் இருந்தது ஒரே மாலையில், பூமியினும் பெரிய பாதையில் சுற்றும் அப்பல்லோ வகைக்கு இடம்பெயர்ந்துவிடும்.

எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு நெருங்குகிறது என்பதைப் பொறுத்தது. சிறிது நெருங்கினால் சிறிது அதிகம் திரும்பும். சுற்றுக்காலம் சிறிது மாறும். அந்தச் சிறு மாற்றம் நண்பர் நீள்வட்டம் சொன்ன வட்டிக் கணக்கில் சுற்றுக்குச் சுற்று பெருகும். இங்கேதான் 2036 வந்தது. 7 ஆண்டை 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 426 நாள். 2029க்குப் பிறகு அபோஃபிஸின் சுற்றுக்காலம் மிகச் சரியாக அந்த 426 நாளாக அமைந்துவிட்டால், 6 சுற்று முடித்து 2036 ஏப்ரல் 13 அன்று அது அதே இடத்திற்கு வரும். 7 சுற்று முடித்துப் பூமியும் அதே நாளில் அங்கே வரும். அப்படி அமைய வேண்டுமென்றால் 2029இல் அது விண்வெளியில் ஒரு குறிப்பிட்ட சிறு பட்டை வழியாகக் கடந்திருக்க வேண்டும். அதைச் சாவித்துளை என்கிறார்கள். அபோஃபிஸுக்கான சாவித்துளையின் அகலம் ஏறத்தாழ 600 மீட்டர்.

600 மீட்டர் என்ற அந்த எண்ணின் அருகில் சற்று நில்லுங்கள். 2029இல் 600 மீட்டர் அகலமுள்ள பட்டை, 2036இல் பூமியின் முழு அகலமாக, அதாவது 12,742 கிலோமீட்டராக விரிகிறது. ஏறத்தாழ 20,000 மடங்குப் பெருக்கம். 2029இல் உள்ள ஒரு கிலோமீட்டர் ஐயம், ஏழே ஆண்டில் 20,000 கிலோமீட்டர் ஐயமாகிவிடும். ஆகவே உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானது: 2029க்குப் பிறகு அபோஃபிஸ் ஒரு குறிப்பிட்ட நாளில் மிகச் சரியாக எங்கே இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் அதைச் சொல்லவும் இல்லையே. அவர்கள் சொல்வது வேறொன்று. 2029இல் அபோஃபிஸ் கடக்கக்கூடிய இடம் சில கிலோமீட்டர் அளவுக்கு இப்போது வரையறுக்கப்பட்டுவிட்டது. அடுத்த நூறு ஆண்டுக்குள் மோதலில் கொண்டுபோய் விடும் சாவித்துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் கணிக்கலாம். அந்தச் சில கிலோமீட்டருக்குள் அப்படிப்பட்ட துளை எதுவும் இல்லை. அது எங்கே போகும் என்பது முழுதும் தெரியாமல் இருக்கலாம். எங்கே போகாது என்பதை உறுதியாகச் சொல்ல அது தேவையில்லை. 2021 மார்ச் 26 அறிவிப்பின் பொருள் இவ்வளவுதான், இதைவிடக் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை.

மறுமொழி 4: பிற்பகல் வெயில்

மேலே உள்ள விளக்கத்தில் ஒரு குறை உண்டு. திருத்தாமல் விட மனமில்லை. ஈர்ப்பை மட்டும் வைத்துக் கணித்தால் அபோஃபிஸின் கணக்கு முடியாது. வெயிலையும் சேர்க்க வேண்டும்.

சுழலும் பாறையில் நண்பகலைத் தாண்டிய பக்கமே அதிகமாகச் சூடேறியிருக்கும். பகலின் வெப்பம் சேர்ந்து பிற்பகலில் உச்சமடைவதை நாமும் அறிவோம். அந்தப் பக்கம் வெப்பக் கதிரை உமிழும்போது, உமிழ்கிற ஒளியே பாறையை எதிர்த்திசையில் மிக மெல்லத் தள்ளுகிறது. யார்க்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் 19ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் சிந்தித்த விளைவு இது. கோலெவ்கா என்ற சிறுகோளில் 2003இல் முதன்முதலாக நேரடியாக அளக்கப்பட்டது. அபோஃபிஸ் தான் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழல்வதால், இந்தத் தள்ளல் அதன் பாதையை ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் சுருக்குகிறது.

200 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பாதை சுருங்கினால் சுற்றுக்காலம் குறைகிறது, பாறை முந்திக்கொள்கிறது. ஆண்டுதோறும் முந்தும் அளவும் கூடுகிறது. சராசரித் தொலைவையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை வைத்துக் கணித்தால், முந்தும் தொலைவு ஆண்டுகளின் வர்க்கத்தைப் போல் பெருகும் என்று கிடைக்கிறது: முதல் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், 10 ஆண்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், 25 ஆண்டில் 650 கிலோமீட்டருக்கு மேல். சாவித்துளை 600 மீட்டர் என்றால், வெயிலின் இந்தத் தள்ளலைச் சேர்க்காத எந்தக் கணக்கும் துளைக்கு உள்ளே, வெளியே என்று பேசவே முடியாது. 2068 பற்றிய அச்சம் அத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு இதுவே காரணம். ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கியால் எடுத்த அளவீடுகளைக் கொண்டு தோலன் குழுவினர் இந்த விளைவை அபோஃபிஸில் கண்டறிந்ததாக 2020இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டின் ராடார் அளவீடுகள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக் கொடுத்தன.

கேள்வி கேட்டவர்: கீழ்வானம்

அனைவருக்கும் நன்றி. 16 நொடிக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அந்தத் துணிவில் 2036ஐயும் நானே கணித்துப் பார்த்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள். 2029க்குப் பிறகு சுற்றுக்காலம் ஏறத்தாழ 423 நாளும் அரை நாளும் என்று வைத்துக்கொண்டால் 6 சுற்றுக்கு 2541 நாள். 7 ஆண்டுக்கு 2557 நாள். ஆகவே அபோஃபிஸ் அந்தக் குறுக்குச் சந்திக்கு ஏறத்தாழ 16 நாள் முன்னதாக, 2036 மார்ச் மாத இறுதியிலேயே வந்து கடந்து போய்விடும். அப்போது பூமி அந்த இடத்தை அடைய இன்னும் 16 நாள் பயணம் மீதமிருக்கும். பூமி ஒரு நாளில் ஏறத்தாழ 25 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், இடைவெளி 4 கோடி கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இது சரியா? மேலும் ஓர் ஐயம்: பூமியின் ஈர்ப்பு இவ்வளவு அருகில் இழுக்கும்போது அந்தப் பாறை உடைந்துவிடாதா? உடைந்தால் இந்தக் கணக்கெல்லாம் என்னாகும்?

மறுமொழி 5: ஏழுக்கு ஆறு

கணக்கு சரி. சுற்றுக்காலத்தை இன்னும் நுட்பமாக எடுத்துக்கொண்டால் நாளில் ஒன்று முன்பின் ஆகலாம். மார்ச் இறுதியில், 4 கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் கடந்து செல்லும் என்பதே விரிவான கணிப்பின் விடையும். நண்பர் பிற்பகல் வெயில் திருத்தியதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதை விட்டது என் தவறு.

உடையும் என்று எதிர்பார்க்கவில்லை. பூமியின் மையத்திலிருந்து 38,000 கிலோமீட்டர் என்பது அதற்குப் போதுமான நெருக்கம் அன்று. ஆனால் அதன் சுழற்சி மாறக்கூடும். அபோஃபிஸ் ஒரே அச்சில் ஒழுங்காகச் சுழல்வதில்லை. சரியாக எறியப்படாத பம்பரத்தைப் போலத் தள்ளாடிச் சுழல்கிறது. நீள்வடிவான அந்தப் பாறையின் ஒரு முனையைப் பூமி மற்ற முனையைவிடச் சற்று அதிகமாக இழுக்கும்போது, தள்ளாட்டம் வேறு விதமாக மாறலாம். மேற்பரப்பில் தளர்வாகக் கிடக்கும் கற்களும் மண்ணும் சிற்சில இடங்களில் சரியலாம். சுழற்சி மாறினால் எந்தப் பக்கம் எவ்வளவு சூடேறும் என்பது மாறும். வெயிலின் தள்ளலும் மாறும். ஆகவே ஆண்டுக்கு 200 மீட்டர் என்று இன்றைக்கு அளந்து வைத்திருக்கும் எண்ணை 2029 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக அளக்க வேண்டியிருக்கும்.

அதற்கான ஏற்பாடுகளும் நடக்கின்றன. பென்னு சிறுகோளின் மண்ணை 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்த நாசாவின் விண்கலம், ஒசைரிஸ்-அபெக்ஸ் என்ற புதிய பெயரோடு அபோஃபிஸை நோக்கித் திருப்பிவிடப்பட்டிருக்கிறது; பூமியைச் சிறுகோள் கடந்த பிறகு அது அங்கே போய்ச் சேரும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ராம்சேஸ் விண்கலத்தை 2028இல் ஏவி, கடப்பதற்கு முன்னரே அருகில் நிறுத்தத் திட்டம். முன்பு ஒன்றும் பின்பு ஒன்றும் பார்த்தால், அந்த ஒரு மாலையில் பாறைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒப்பிட்டுச் சொல்லலாம். தரையிலிருந்தும் அதற்குள் அளக்க வேண்டியவை இருக்கின்றன. அதை நண்பர் இரவுக்காவலிடம் கேளுங்கள், ஜிபிஎஸ் நேரத்தோடு காத்திருப்பார்.